சவுக்கைத் தொட்ட விளக்கு

அத்தியாயம் 17

போன வாரம் சங்கவியை மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் கிடாரும் கையுமாக இறக்கிவிட்டதோடு பக்கம் தீர்ந்துபோனது. "அந்தப் பெண்ணை முதலில் வீட்டுக்கு அனுப்பி ஒரு வாய் சோறு போடுங்கள்" என்று செங்கல்பட்டு வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். மன்னிக்கணும் அம்மா, அவள் போகவில்லை. இரண்டே கிலோமீட்டரில் இருந்த குப்பத்துக்கு முதுகைக் காட்டிவிட்டு, ஈ.சி.ஆர். கடற்கரை விடுதிக்கு ஆட்டோ பிடித்தாள். அங்கேதான் சனிக்கிழமை மாலை அவளுடைய கச்சேரி.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வரி. சங்கவி, மீனவர் சிங்காரத்தின் மூத்த மகள். பாட்டை அவளே எழுதி, அவளே மெட்டுக் கட்டி, அவளே பாடுவாள். செங்கல்பட்டுக் கல்லூரிக்குப் படிக்கப் போனவள், சர்ச்சில் கிடார் வாசிக்கும் ஏசுபாதத்திடம் வாத்தியம் கற்றுக்கொண்டு திரும்பினாள். திருக்கழுக்குன்றத்து லாரிக்காரர் மகன் கலையரசன் டிரம்ஸ் வாசிக்கிறான், குழுவுக்கு மேனேஜரும் அவனேதான். குழுவின் பெயர் 'ஈரச்சாக்கு'. சினிமா தயவு, கம்பெனி தயவு எதுவும் இல்லாமல் நாலு வருடம் காபிக் கடைகளில், தட்டு கழுவும் சத்தத்துக்கு நடுவில் பாடிக் கிடந்தார்கள். "கூத்தாடறவளுக்கு இந்த வூட்ல பாய் கெடையாது" என்று அப்பா சொன்னதிலிருந்து இரண்டு வருடமாக அவள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை 'அப்பன் பாரு' என்ற பாட்டின் முதல் சரணத்தை மட்டும் செல்போனில் பிடித்து இணையத்தில் விட்டார்கள். ஆறே நாளில் ஆட்டோவிலும் டீக்கடையிலும் அதுதான் ஓடியது.

'கழுக்குன்றம் தலை மேல லைட்டு ஹவுசு ஏறட்டும்
அப்பன் பாரு கீழ கீது, அலையெல்லாம் ஆறட்டும்.'

மீனவர் வழக்கில் பார் என்றால் கடலுக்கடியில் மீன் கூடும் பாறைத் திட்டு. சென்னைக்காரர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? பாதிப் பேர் 'அப்பனைப் பார்' என்று நினைத்து உருகினார்கள். மீதிப் பேர் அப்பன் நடத்தும் மதுக்கடை என்று நினைத்தார்கள். விடுதிக்காரர் அடித்த போஸ்டரில் நுரை வழியும் பீர் கோப்பையே இருந்தது.

சரியாகப் புரிந்துகொண்டவர்கள் கடலோரத்தில் இருந்தார்கள். அதில்தான் வந்தது வினை.

●

சனிக்கிழமை காலை பத்து மணி. விடுதிப் புல்வெளியில் ஸ்பீக்கர்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கடல் பக்கத்துக் கம்பி வேலியைத் தாண்டி, ஈர லுங்கியும் தலைப்பாகையுமாகச் சிங்காரம் உள்ளே வந்தார்.

சங்கவி கிடாரை வைத்துவிட்டு எழுந்தாள். அப்பா வந்துவிட்டார், தன் பாட்டைக் கேட்டுவிட்டுத் தேடி வந்துவிட்டார் என்று நினைத்தாள். பைத்தியக்காரி.

"நாஸ்தா துன்னியா நைனா?"

"துன்றதுக்கு வர்ல." அவர் உட்காரவில்லை. "நாலு நாளா பதினெட்டு படகு கடல்ல நிக்குது. கழுக்குன்றத்து மலைக்கும் லைட் ஹவுசுக்கும் நேராப் போய், அந்தக் கோட்டு மேலயே முன்னயும் பின்னயும் தேடிகினு கீறானுங்க. வடக்குக் குப்பத்து ரோஹித்து உன் பாட்ட போன்ல போட்டுகினே தேடறான்."

சங்கவிக்கு உடனே புரிந்தது. அவள் கடற்கரைப் பெண் அல்லவா?

கடலில் நிற்பவனுக்குத் தெரு ஏது, கதவு எண் ஏது? கரையில் இரண்டு அடையாளங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிப் பார்த்தால் ஒரு கோடு கிடைக்கும். இன்னொரு பக்கம் இன்னும் இரண்டு அடையாளங்களை வைத்தால் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் பார். சிங்காரத்தின் பார் இரண்டு தெரு அகலம்கூட இருக்காது. முப்பது வருடமாக அந்த வீட்டில் உலை கொதித்தது அதனால்தான். அந்த இடத்தை அவர் எந்த ஜி.பி.எஸ். கருவியிலும் பதிந்து வைக்கவில்லை, ஏனென்றால் கருவியைப் பழுது பார்ப்பவன் முதலில் இடத்தைத்தான் திருடுவான். எழுதி வைக்க எழுத்துத் தெரியாது. தனக்கு மறந்துவிடுமோ என்ற பயத்தில் ஒரு வேலை செய்தார். எட்டு வயது சங்கவியை உட்கார வைத்து, வெள்ளிக்கிழமைதோறும் அந்த அடையாளங்களைப் பாட்டு மாதிரி ஒப்பிக்கச் சொன்னார்.

"ரெண்டாவது சரணத்துல இன்னா வருது?" என்றார் சிங்காரம்.

"நீ ஒப்பிக்கச் சொன்னது தான் நைனா."

"சொல்லு."

அவள் மெல்லச் சொன்னாள். "நெம்மேலி வெளக்கு வரும் சவுக்கு விட்டு, சவுக்கு விட்டு."

நெம்மேலிக் கடற்கரைக் கம்பத்தில் ராத்திரி எரியும் விளக்கு, சவுக்குத் தோப்பை விட்டு வெளியே தெரியும் இடம். அதுதான் இரண்டாவது கோடு.

"உன் வாயில எதுக்குப் போட்டு வெச்சேன் தெரியுமா?" என்றார் சிங்காரம். "பொம்பளப் புள்ள கடலுக்கு வராது. உன்கிட்ட சொன்னா செவுத்தாண்ட சொன்ன மாதிரின்னு நெனச்சேன். செவுரு மைக்கப் புடிக்கும்னு எவன் கண்டான்?"

"வார்த்தை நல்லாருந்துச்சு, அதான் எழுதினேன். சத்தியமா வேற நெனப்பு இல்ல நைனா. ரெண்டாவது சரணத்தையே தூக்கிட்றேன்."

"தூக்காத. தூக்கனா தேடிகினே தான் இருப்பானுங்க, என்னிக்காவது ஒருத்தன் தடுக்கி வுழுவான். நீ பாடு. விட்டுன்னு பாடாத, தொட்டுன்னு பாடு."

விளக்கு சவுக்கை விட்டு வெளியே வரும் இடமில்லை. வெளியே வராமல், தோப்பின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும் இடம். அதே கோட்டில் கொஞ்சம் கரைப் பக்கமாக.

"அங்க இன்னா கீது?"

சிங்காரம் இடது கையைத் தூக்கிக் காட்டினார். சுண்டு விரலும் அடுத்த விரலும் கிடையாது. இன்ஜின் விசிறியில் போனது என்றுதான் வீட்டில் எல்லோருக்கும் சொல்லியிருந்தார்.

"விசிறி இல்ல. முழுகிப் போன இரும்புப் படகு ஒண்ணு கெடக்குது. வலைய வுட்டா கவ்விக்கும். நீரோட்டம் வேற. கயிற அறுக்கறதுக்குள்ள பின்பக்கம் தண்ணி ஏறிடும். ரெண்டு வெரலக் குடுத்துட்டு வந்தேன்."

"ஆள் செத்துடுவான் நைனா."

"திருட வந்தவன் தான சாவான்?"

இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சங்கவிக்குப் பயமாக இருந்தது.

"தம்பி ஹேமந்த்து அந்த ரோஹித்துகிட்ட தான வேலை செய்யறான்?"

"அவன் கரையில ஐஸ் ஒடைக்கிறவன். அவன எவன் படகுல ஏத்துவான்?"

ஹேமந்த் சங்கவிக்கு இரண்டு வயது இளையவன். பதினேழு வயதில் முதல்முறை அப்பாவோடு கடலுக்குப் போனபோது வாந்தியெடுத்து, வலையைக் கை நழுவ விட்டான். அன்றோடு சிங்காரம் மகனைக் கைகழுவிவிட்டார். பார் எங்கே இருக்கிறது என்று ஆறு வருடமாகக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், அப்பாவுக்கு ஆகாத ரோஹித்திடமே ஐஸ் உடைக்கச் சேர்ந்தான். அப்பா தன்னிடம் மறைத்ததில் பாதியை அவனும் ஊரோடு சேர்ந்து பாட்டில்தான் கேட்டான்.

சிங்காரம் வேலிவரை போய் நின்று திரும்பினார். பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லப் போகிறார் என்று சங்கவி காத்திருந்தாள்.

"அந்த எடத்துல மெதுவாப் பாடு. வார்த்த தெளிவா வுழணும்."

●

மத்தியான ஒத்திகையில் கலையரசனுக்கு ஒன்றும் சொல்லாமல் மாற்றிப் பாடினாள்.

'நெம்மேலி வெளக்கு வரும் சவுக்கு தொட்டு, சவுக்கு தொட்டு
நங்கூரம் போடு நைனா, நானும் வந்தேன் கைய விட்டு.'

கலையரசன் குச்சிகளை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"ஏய், இது எப்ப மாத்தின? விட்டு, விட்டு, விட்டுன்னு மூணு தடவ வந்தது எனக்கு இடிச்சுகினே இருந்தது. இப்ப பாரு, தொட்டு, அப்புறம் விட்டு. தொட்டுட்டு விட்டுட்டுப் போறா. பாட்டே இப்பதான் முடிஞ்சிருக்கு சங்கவி!"

அவன் சொன்னது உண்மைதான். ஆறு மாதமாக அவள் தேடிக்கொண்டிருந்த சொல் அது. அப்பா யாரையோ மூழ்கடிக்கக் கொடுத்த சொல்லில் பாட்டு நிமிர்ந்து நின்றது, அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்காக அவள் வெட்கப்பட்டாள், ஆனால் மறுபடி ஒரு தரம் பாடிப் பார்த்தாள்.

"ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோ" என்றான் கலையரசன். "சென்னையிலேர்ந்து கம்பெனிக்காரர் ஜெகதீசன் வராரு. மேடையில பாடறத அப்படியே பதிவு பண்ணி வெளியிடறோம். ஒரே தடவை. நடுவுல நின்னா போச்சு, நாலு வருஷமும் போச்சு."

●

சாயங்காலம் புல்வெளி நிரம்பியது. ஐ.டி. கம்பெனி இளசுகள், குடும்பங்கள், இரண்டாவது வரிசையில் கறுப்புக் கண்ணாடியோடு ஜெகதீசன். முதல் வரிசைக்கும் முன்னால், தரையில், ரோஹித்தும் அவனுடைய எட்டு ஆட்களும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ரோஹித்தின் போனில் கடற்கரை வரைபடம் திறந்திருந்தது. முதல் கோட்டை அதில் ஏற்கெனவே இழுத்து வைத்திருந்தான்.

கடலோர ஜனம் அவள் பாட்டுக்கு வந்தது இதுதான் முதல் தடவை. எதற்கு வந்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அவர்கள் கை தட்டியபோது உடம்பு சிலிர்த்தது. கேவலம் என்று நினைத்துக்கொண்டே கும்பிட்டாள்.

கூட்டத்தின் கடைசியில், ஜெனரேட்டர் வண்டி ஓரமாகச் சிங்காரம் நின்றிருந்தார்.

பொழுது சாயும்போது 'அப்பன் பாரு' தொடங்கியது. முதல் சரணத்தைக் கூட்டமே அவளோடு சேர்ந்து பாடியது. அடுத்து கிடார் மட்டும் எட்டுச் சுற்று வரும், அது முடிந்ததும் இரண்டாவது சரணம்.

முதல் சுற்றில் முன்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்தான். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை மாட்டியிருந்தான். ஹேமந்த்.

"அக்கா!" என்று இரண்டு கையையும் வாயோரம் குவித்துக் கத்தினான். "இன்னிக்கி நானும் போறேன்க்கா! ரோஹித்து என்னயும் படகுல ஏத்திக்கிறான்!"

ரோஹித் சிரித்தபடி அவன் தோளில் கை போட்டான். சங்கவிக்குச் சட்டென்று விளங்கியது. ரோஹித் முட்டாள் இல்லை. சிங்காரம் ஏதாவது தில்லுமுல்லு செய்வார் என்று அவனுக்குச் சந்தேகம். சிங்காரத்தின் மகனையே படகில் ஏற்றிக்கொண்டால் பயமில்லை.

மூன்றாவது சுற்று. அவள் தலையைத் தூக்கி ஜெனரேட்டர் வண்டியைப் பார்த்தாள். அப்பாவும் கேட்டிருக்கிறார். அவர் கண் ஹேமந்தின் சட்டை மேல் இருந்தது. ஒரு தலையசைப்பு வந்தால் போதும், நிஜத்தைப் பாடிவிடலாம். பார் போகும், தம்பி இருப்பான்.

ஐந்தாவது சுற்று. சிங்காரம் முகத்தைத் திருப்பிக் கடலைப் பார்த்தார்.

ஆறு. பாட்டை நிறுத்தலாம். மைக்கைக் கீழே வைத்துவிட்டு இறங்கலாம். கலையரசன் நாலு வருடமாக வாசித்ததிலேயே இன்றைக்குத்தான் நன்றாக வாசித்துக்கொண்டிருந்தான். ஜெகதீசன் கண்ணாடியைக் கழற்றியிருந்தார்.

ஏழு. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று சங்கவி முடிவு செய்தாள். கடலுக்குப் போவதற்குள் தம்பியைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிடலாம்.

எட்டு.

'நெம்மேலி வெளக்கு வரும் சவுக்கு தொட்டு, சவுக்கு தொட்டு...'

மெதுவாகப் பாடினாள். வார்த்தை தெளிவாக விழுந்தது. அவள் வாழ்நாளில் அவ்வளவு நன்றாகப் பாடியதே இல்லை. கூட்டம் எழுந்து நின்று கத்தியது. ரோஹித் குனிந்து போனில் இரண்டாவது கோட்டை இழுத்தான்.

●

கைகுலுக்க வந்த ஜெகதீசனை ஒதுக்கித் தள்ளிவிட்டு அவள் மணலில் ஓடினாள். ரோஹித்தின் படகை ஏற்கெனவே தண்ணீருக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"ஹேமந்த்து, தனியா வா. ஒரு நிமிஷம்."

"இங்கயே சொல்லட்டும்" என்றான் ரோஹித், ஹேமந்தின் தோளை விடாமல்.

தனியே சொல்ல வழியில்லை. எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

"போகாத. நான் பாடனது பொய்யி. அந்த எடத்துல இரும்புப் படகு முழுகிக் கெடக்குது. வலை மாட்டிக்கும். நைனா வெரலு அங்க தான் போச்சு."

"வெரலு விசிறில போச்சு" என்றான் ஹேமந்த். அவன் முகம் சுருங்கிப் போனது. "ஊருக்கே மைக்ல சொன்ன. எனக்குன்னு வரும்போது மட்டும் பொய்யாய்டுச்சா? நீயும் அவரு மாதிரியே தான். எனக்கு ஒண்ணு கெடைச்சா ஒங்க ரெண்டு பேருக்கும் பொறுக்காது."

"டேய், நான் ஒன் அக்காடா!"

"ரெண்டு வருஷமா எங்க இருந்த நீ?"

அப்போது சிங்காரம் மணலில் இறங்கி வந்தார்.

"நீயே சொல்லு நைனா" என்றான் ஹேமந்த். "அக்கா பாடனது நிஜமா, பொய்யா? என் மூஞ்சப் பாத்து சொல்லு. நீ சொன்னா நம்பறேன்."

ரோஹித்தும் எட்டுப் பேரும் சிங்காரத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொய் என்று அவர் சொன்னால், நிஜம் எது என்று கேட்டு இந்தப் பதினெட்டுப் படகும் அவரை விடாது. சங்கவி அப்பாவின் கையைப் பிடித்தாள். அவர் அதை உதறவில்லை, கவனித்ததாகவும் தெரியவில்லை.

"பாட்டுல இன்னா வந்துச்சோ, அதான் எடம்" என்றார் சிங்காரம்.

ஹேமந்த் குனிந்து அப்பாவின் காலைத் தொட்டான்.

"என்கிட்ட சொல்லிட்ட நைனா" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "ஆறு வருஷம் கழிச்சு சொல்லிட்ட."

படகு அலையைத் தாண்டியது. சங்கவி இடுப்புத் தண்ணீர்வரை இறங்கிக் கத்தினாள். இன்ஜின் சத்தத்துக்கு முன்னால் மைக் இல்லாத அவள் குரல் எடுபடவில்லை. அவன் அங்கிருந்து கை ஆட்டினான்.

அவள் திரும்பி வந்து அப்பாவின் சட்டையைப் பிடித்தாள். "உன் புள்ள நைனா! நீ பெத்த புள்ள!"

"மேடையில நிக்கும்போது அவன் உன் கண்ணுக்குத் தெரியலையா?" சிங்காரத்தின் குரல் காலையில் இருந்தது போலவே இருந்தது. "நல்லாத் தெரிஞ்சுது. பாத்துகினு தான பாடன."

சட்டையைப் பிடித்த கை தானாக விட்டது. பின்னால் கலையரசன் மூச்சிரைக்க ஓடி வந்தான். "சங்கவி, ஜெகதீசனுக்குப் பாட்டு ரொம்பப் புடிச்சிருக்கு! அதுவும் அந்தத் தொட்டு, அந்த ஒரு வார்த்தைக்கே எழுந்துட்டேன்றாரு!" அவர்கள் இருவரின் முகத்தையும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

குப்பத்துப் பக்கமிருந்து சங்கவியின் அம்மா குப்பம்மா மணலில் கால் புதையப் புதைய ஓடி வந்தாள். கையில் சோற்று டப்பா. இரண்டு வருடம் கழித்துப் பார்க்கும் மகளின் கன்னத்தை ஒரு தடவு தடவிவிட்டு, நேரே புருஷனிடம் போனாள்.

"அய்ய, கெளம்பிட்டானா? சோத்த எடுத்துக்காமயே போய்ட்டானே!" மூச்சு வாங்கியது, முகமெல்லாம் சிரிப்பு. "நீயே எடம் சொல்லி அனுப்பனியாமே? வழில படகு தள்ளனவனுங்க சொன்னானுங்க. இன்னிக்கி தான்யா நீ அவனுக்கு அப்பன்."

ரோஹித் படகின் விளக்கு மலைக்கும் லைட் ஹவுசுக்கும் நேராகத் திரும்பி, கிழக்கே போய்க்கொண்டிருந்தது. குப்பம்மா டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அந்த விளக்கைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"எத்தினி மணிக்குத் திரும்புவான்யா?" என்று கேட்டாள். "வந்ததும் சுடச்சுட எதனா செஞ்சி வெக்கணும்."